ஆறு மணிக்கு ஆரத்தி

"உக்காராதீங்க அக்கா, உக்காராதீங்க! துண்டு போட்டிருக்கேன்ல? அது எங்க பெரியப்பா!"

உட்காரப் போன அக்கா பாதிக் குனிவில் அப்படியே நின்றாள். நர்ஸ் கோட்டை மடித்துத் தோளில் போட்டிருந்தாள். காலையிலிருந்து வார்டு வார்டாக நடந்த பாதங்கள் செருப்பின் வாரைத் தாண்டிப் புடைத்திருந்தன. பெரியப்பா இருந்த இடத்தில் கட்டம் போட்ட துண்டு ஒன்றுதான் கிடந்தது.

"அந்தப் பக்கமும் ஆகாதுக்கா. குடை எங்கம்மா. நோட்டு பெரியம்மா. பை எங்கப்பா, பையைத் தள்ளிடாதீங்க, அவர் ஏற்கெனவே கோவத்துல இருக்காரு. தண்ணி பாட்டில் அண்ணன். துப்பட்டாவ நீளமா விரிச்சிருக்கேன் பாருங்க, அது அண்ணியும் அண்ணியோட அம்மாவும். நான் நான்தான். மொத்தம் எட்டு. எல்லாத்துக்கும் ஆள் வருது."

ஆற்றில் இறங்கும் படிகளில், விளக்குக் காட்டும் மேடைக்கு நேர் எதிரே, முதல் படி. மதியம் மூன்றரை மணியிலிருந்து அந்தப் படியை ஒற்றை ஆளாகக் காவல் காத்துக்கொண்டிருந்தாள் அவள். வெயில் அவள் முகத்தில் அடித்தது, பிறகு கழுத்தில் அடித்தது, பிறகு போனால் போகிறதென்று அக்கரைக்கு இறங்கியது. அவள் அசையவில்லை. பத்தொன்பது பேரை விரட்டியிருந்தாள். அதில் இரண்டு பேர் அழுதுவிடும் நிலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். படிப்பதென்னவோ பல்கலைக்கழகத்தில் புள்ளியியல்; ஆனால் பால்காரர் பால் ஊற்றும்போது நுரை அளவில் சேருமா சேராதா என்று அரைமணி நேரம் வாதாடுகிற பெண்ணுக்கு வேறென்ன பெயர் வைப்பது?

நர்ஸக்கா திரும்பிப் பார்த்தாள். பின்னால் படிகள் முழுக்கத் தலைகள். ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால்மேல் தேய்த்துக்கொண்டாள்.

"ஐயோ, கால் வீங்கியிருக்கே... டியூட்டி முடிச்சு நேரா வர்றீங்களா? சரி வாங்க, என் இடத்துல பாதி தர்றேன். ஒதுங்கி உக்காருங்க. ஆனா அவங்க வந்ததும் எந்திரிச்சுடணும், பேச்சு மாறக் கூடாது. இப்ப மணி என்ன? அஞ்சு நாப்பத்தெட்டா? பாத்தீங்களா! எட்டுப் பேர்ல ஒருத்தி மூணரைக்கே வந்துட்டா. மிச்சம் ஏழு பேர் எங்க? சேலையக் கட்டி முடிக்கலையா, இல்ல சேலைய இப்பத்தான் நெய்யறாங்களா?

நீங்களே சொல்லுங்கக்கா, இது எனக்காகவா? எனக்கு சாமி, பூசையெல்லாம் பெருசா நம்பிக்கை கிடையாது. விளக்கு காட்டறாங்களே அஞ்சு பேர், அதுல ஒரு பொண்ணாவது இருக்காளா? நெருப்பு என்ன, ஆம்பளைன்னா அணையாம எரியுமா? இத நான் அங்க கயிறு பிடிச்சுட்டு நிக்கிறாரே, அவர்கிட்டயே கேட்டேன். அவர், 'நான் கயிறு மட்டும்தாம்மா'ன்னுட்டாரு. இது ஒரு பதிலா? இந்த நாட்டுல... சரி விடுங்க. நான் வந்தது அண்ணனுக்காக.

எங்க அண்ணன் வீட்டுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. எங்கப்பா அவன்கிட்ட பேசி ரெண்டு வருஷம் ஆச்சு. என்ன சண்டைன்னு கேக்கறீங்களா?"

நர்ஸக்கா கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"கேட்டா சிரிப்பீங்க. எங்கப்பா பஸ் டிப்போவுல டைம்கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு உள்ள வருது, எத்தனை மணிக்கு வெளிய போகுதுன்னு முப்பது வருஷமா எழுதறாரு. ஒரு நிமிஷம் முன்னப் பின்ன ஆனா அவருக்குக் காய்ச்சல் வந்துடும். அண்ணன் ரிஜிஸ்தர் கல்யாணம் பண்ணிக்கிட்டான். அதுக்கே அப்பா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு, அப்புறம் அம்மா சொல்லிச் சொல்லி, 'சரி, பத்தரைக்குத்தானே, வர்றேன்'னாரு. பத்து இருபத்தஞ்சுக்கு வந்துட்டாரு. புதுச் சட்டை! ஆனா அன்னிக்கு ஆபீசர் எங்கயோ போகணும்னு அவசரப்பட்டதுல, பத்து மணிக்கே ஆரம்பிச்சு, கையெழுத்து வாங்கி முடிச்சுட்டாங்க. அப்பா உள்ள நுழையறாரு, அண்ணன் பேனாவ மூடறான். 'நான் இல்லாமயே முடிச்சுட்டியா?'ன்னாரு. திரும்பி நடந்தாரு. அவ்வளவுதான். முப்பது வருஷ சர்வீஸ்ல அவர் லேட்டான ஒரே இடம் அதுதான்க்கா, அதுவும் சீக்கிரமா வந்தும் லேட்டு!

இதுல யார் மேல தப்பு? ரெண்டு பேர் மேலயும்தான். அண்ணன் ஒன்பது தடவ போன் பண்ணியிருக்கான். அப்பா எடுக்கல. பஸ்ல வர்றப்ப போன் பேசறது ஒழுக்கக்கேடாம். ஒன்பது தடவ ஒருத்தன் கூப்பிட்டா என்னமோ ஏதோன்னு எடுக்கணும்னு ஒரு மனுஷனுக்குத் தோணாதா? இதுக்குப் பேர் வீம்பு. எனக்கு இந்த வீம்பு பிடிக்கவே பிடிக்காது."

மடியில் இருந்த அவளுடைய போன் சத்தமில்லாமல் துடித்தது. திரையில் அம்மா. அவள் அதைக் குப்புறக் கவிழ்த்துவைத்தாள்.

"எங்கம்மா. அஞ்சேகால்லேருந்து விடாம அடிக்கறாங்க. எதுக்குன்னு எனக்குத் தெரியும். 'கிளம்பிட்டே இருக்கோம், பெரியம்மா பாத்ரூம்ல இருக்கா'ன்னு சாக்கு சொல்லத்தான். சாக்கு கேக்கறதுக்கு நான் ஆள் இல்லக்கா. எடுக்க மாட்டேன். ம்? எடுக்கலாமேங்கறீங்களா? நான் ஏன் எடுக்கணும்? வரட்டும், நேர்ல பேசிக்கறேன்.

எங்க விட்டேன்? ஆங், அண்ணன். ரெண்டு வருஷமா அவனுக்கு வெளியூர்ல பொறந்த நாள் வந்தா அம்மா இங்க பாயசத்த வெச்சுக்கிட்டு முழிப்பாங்க. அப்பா குடிப்பாரு. எதுக்குப் பாயசம்னு கேக்க மாட்டாரு. போன வாரம்தான் ஒரு வழியா, 'வர்றதுன்னா வரட்டும், நான் என்ன கதவையா பூட்டி வெச்சிருக்கேன்'ன்னு வாயத் திறந்தாரு. அம்மா அழுதுட்டாங்க. எல்லாரும் உருகி நிக்கிறாங்க. எனக்கு மட்டும்தான்க்கா மண்டை வேலை செஞ்சுது. யோசிச்சுப் பாருங்க. வீட்டுக்குள்ள வந்தா என்ன ஆகும்? அப்பா அவர் நாற்காலியில உக்காந்துக்குவாரு. அண்ணன் நிப்பான். 'ம்'ம்பாரு. இவன் 'ம்'ம்பான். அஞ்சாவது நிமிஷம் பத்து இருபத்தஞ்சு பேச்சு வரும். ஆறாவது நிமிஷம் அண்ணன் படியிறங்கிப் போயிடுவான். அப்புறம் ஜென்மத்துக்கும் வரமாட்டான்.

அதனால நான் சொன்னேன், வீட்டுல வேண்டாம். பொது இடத்துல சந்திங்க. ஆத்தங்கரையில தெனம் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரத்தி நடக்குது, அங்க வரச் சொல்லுங்க. மணி அடிச்சுட்டே இருக்கும், சங்கு ஊதிட்டே இருக்கும், யாரும் யாரப் பாத்தும் கத்த முடியாது. கத்தினாலும் கேக்காது. முக்கா மணி நேரம் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து நெருப்பப் பாத்தா மனசு தானா இளகும். இதுல ஆன்மிகமெல்லாம் இல்ல, சும்மா இட ஏற்பாடு. அப்பா அந்தத் தூண் ஓரம். எந்திரிச்சு ஓட முடியாது. இந்தப் பக்கம் பெரியப்பா. அவரத் தாண்டி யாரும் போனதா சரித்திரமே இல்ல. அவருக்கு இந்தப் பக்கம் அண்ணன். சாப்பிடறப்ப ஒரு மணி நேரம் இத விளக்கினேன்க்கா. தட்டுல விரலால வரைஞ்சே காட்டினேன். ஒருத்தரும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. எங்க வீட்டுல யாரும் மறுத்துப் பேசலன்னா என்ன அர்த்தம்? நான் ஜெயிச்சுட்டேன்னு அர்த்தம்!"

அந்த ஒரு மணி நேரத்தில் பெரியம்மா சாப்பிட்டு முடித்துக் கைகழுவி, பாத்திரம் தேய்த்து, கவிழ்த்துவைத்து, படுத்துவிட்டாள் என்பது உண்மை. அப்பா கண்ணை மூடியிருந்தார். அவள் வீட்டில் மௌனத்துக்குப் பல அர்த்தங்கள் உண்டு. அவளுக்குத் தெரிந்தது அதில் ஒன்றுதான்.

"அப்புறம் நான் ஹாஸ்டலுக்குத் திரும்பிட்டேன். நேத்து காலைல அங்க அம்மா போன் பண்ணாங்க. 'ஏண்டி, நாளைக்கு அண்ணன் வர்றான். ஆறு மணிக்கு ஆரத்தி. நீதான் முன்னாடி நிக்கணும். தட்டெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ லேட்டா வந்து அவங்கள வாசல்லயே நிக்க வெச்சுடாத'ன்னாங்க. பாருங்க, என்ன தெளிவு! முன்னாடி நிக்கணும்னா, முதல் வரிசை. ஆறு மணிக்கு மேல வர்றவங்கள அந்தக் கயித்துக்காரர் வாசல்லயே நிறுத்திடறாரு, அதான் வாசல்லயே நிக்க வெச்சுடாதன்னாங்க. தட்டு, விளக்கு வெச்சு ஆத்துல விடறதுக்கு. அதுக்கப்புறமும் என்னமோ சொல்ல வந்தாங்க. நான், 'தெரியும் தெரியும், எல்லாம் என் ஐடியாதானே'ன்னு வெச்சுட்டேன். விஷயம் புரிஞ்ச பிறகு எதுக்கு வளவளன்னு? என்னக்கா, ஏதோ கேக்க வந்தீங்க? இல்லையா? சரி."

நர்ஸக்கா வாயைத் திறந்ததும் நிஜம், மூடியதும் நிஜம். ஆஸ்பத்திரியில் நோயாளியின் உறவுக்காரர்களிடம் எப்போது பேசுவது, எப்போது மருந்துச் சீட்டை மட்டும் நீட்டுவது என்று படித்த வாய் அது.

சங்கு ஊதியது. மேடையில் ஐந்து இளைஞர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். ஒலிபெருக்கி, முன்னால் இருப்பவர்கள் தயவுசெய்து உட்காருமாறு, ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்களிடம் கெஞ்சியது. கற்பூர வாடை வந்தது. கூட்டம் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளியது.

"ஹலோ ஹலோ! சார்! அது அண்ணி! துப்பட்டா மேல கால வைக்காதீங்க... காலி இடமா? எது காலி? ஆள் இல்லாட்டி காலின்னு எந்தச் சட்டத்துல இருக்கு? ரயில்ல ரிசர்வ் பண்ண சீட்டுல ஏறி உக்காந்துக்குவீங்களா? போங்க அப்படி... பாட்டில உருட்டாதம்மா, அது எங்க அண்ணன்!"

அண்ணன் உருண்டு இரண்டு படி இறங்கித் தண்ணீர் ஓரம் போய் நின்றான். அவள் பாய்ந்து அவனை மீட்டு வருவதற்குள் பெரியம்மா மேல் ஒரு குடும்பம் உட்கார்ந்துவிட்டது. குடைக்கும் பைக்கும் நடுவே ஒருவர் கேமராக் காலை ஊன்றினார். எட்டு இடம் ஐந்தாயிற்று. ஐந்து மூன்றாயிற்று. ஆறு பத்து.

அவள் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். குரல் கொஞ்சம் இறங்கியது.

"எங்கப்பா லேட்டா வர்ற ஆளே இல்லக்கா. ஆறுன்னா அஞ்சு அம்பத்தஞ்சு. பத்து நிமிஷம் தாண்டிடுச்சுன்னா என்ன அர்த்தம்? அவர் வரல. அவர் வரமாட்டாரு. நாற்காலிய விட்டு எந்திரிக்கவே இல்ல. அவரக் கூட்டிட்டு வர அண்ணன் அங்க போயி வெளிய நின்னுட்டிருப்பான், இவர் உள்ள உக்காந்து பேப்பர் படிப்பாரு. அவ்வளவு வீம்பு! ரெண்டு வருஷம்க்கா. அவன் போன் பண்ணா எங்கிட்ட எல்லாத்தையும் கேட்டுட்டு, கடைசியில சும்மா கேக்கற மாதிரி, 'டிப்போவுல டபுள் டியூட்டி போடறாங்களா இப்பவும்?'ம்பான். அப்பா நல்லா இருக்காரான்னு நேரா கேக்க வாய் வராது. இவரு அவன் இருக்கற ஊருக்குப் போற பஸ்ஸு உள்ள வந்தா, டிரைவரக் கூப்பிட்டு, 'அங்க மழையா?'ம்பாரு. இந்த ரெண்டு ஆம்பளைங்களையும் வெச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது? இடம் பிடிச்சேன்! மூணரைலேருந்து பிடிச்சேன்! என்னால அதுதான் முடிஞ்சுது..."

மூக்கை உறிஞ்சினாள். கற்பூரப் புகை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொண்டிருப்பாள். யாரும் சொல்லவில்லை. நர்ஸக்கா குப்புறக் கிடந்த போனை விரலால் தொட்டு, மெதுவாகத் திருப்பி வைத்தாள். இருபத்திரண்டு தவறிய அழைப்புகள். இருபத்து மூன்றாவது அப்போதே துடித்தது.

"எடுக்கறேன். எடுத்து நறுக்குனு நாலு கேக்கறேன்... ஹலோ! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? எங்க இருக்கீங்க எல்லாரும்? ...வாசல்லயா? அப்பாவுமா? வந்துட்டாரா! நில்லுங்க, அங்கயே நில்லுங்க, நான் வந்து அந்தக் கயித்துக்காரர்கிட்ட பேசறேன்... என்ன? கயிறும்மா, கயிறு! வாசல்ல கயிறு கட்டியிருக்கு பாருங்க... கட்டலையா? எந்த வாசல்ல நிக்கிறீங்க? ...நம்ம வாசலா? நம்ம வீட்டு வாசல்ல எதுக்கு நிக்கிறீங்க? ...ஆரத்தி எடுக்கவா? அம்மா, ஆரத்தி இங்க எடுத்துட்டிருக்காங்க, அஞ்சு பேரு! ...தட்டா? என்ன தட்டு? ...செவ..."

சிவப்பு என்ற சொல் பாதியில் நின்றது.

மேடையில் அடுக்கு விளக்குகள் ஒன்றாக உயர்ந்தன. படித்துறை முழுவதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. அவள் மட்டும் போனைக் கையால் பொத்திக்கொண்டு நர்ஸக்காவைப் பார்த்தாள். சுண்ணாம்புத் தண்ணீர் கலந்த மஞ்சளைப் போல முகம் அந்தக் கணமே நிறம் மாறியது.

"அக்கா... அந்த ஆரத்திக்கா. வாசல் ஆரத்தி. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்சு, தட்டுல செவப்பாத் தண்ணி வெச்சு, பொண்ணு மாப்பிள்ளைய வாசல்ல நிக்க வெச்சு, சுத்திட்டு, நெத்தியில ஒரு பொட்டு வெச்சு உள்ள கூப்பிடுவாங்கல்ல... கூடப் பொறந்தவதான் எடுக்கணுமாம். அண்ணி முதல் தடவையா வீட்டுக்கு வர்றாங்கல்ல. நான்தான் ஒரே தங்கச்சி. ஆறு மணிக்கு டான்னு வந்துட்டாங்களாம். அப்பாதான் வெளிய நின்னு வாட்சப் பாத்துட்டிருந்தாராம். தட்டு இருக்காம், தண்ணி இருக்காம், எடுக்கற ஆளக் காணோமாம்!

சிரிக்காதீங்கக்கா. நான் எப்படி அத நினைப்பேன்? போன வருஷம் சித்தி பொண்ணு கல்யாணத்துல எல்லார் முன்னாடியும் சொன்னேனே, மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டாச் செவக்கும், அது வேதியியல், அதுக்கும் கண்ணு படறதுக்கும் என்ன சம்பந்தம், செத்தாலும் இந்தத் தட்டத் தொடமாட்டேன்னு! அப்படிச் சொன்னவளப் போயி யாராவது எடுக்கச் சொல்வாங்களா? சொல்லிட்டு, 'வீட்டுல'ன்னு ஒரு வார்த்தை சேக்க வேண்டாமா? ஆத்துல காட்டறதும் ஆரத்தி, வாசல்ல சுத்தறதும் ஆரத்தின்னா, இது என் தப்பா? மொழியோட தப்பு! நான் கேக்கறேன்..."

நர்ஸக்கா போனைக் காட்டினாள். அம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

அவள் போனைக் காதில் வைத்தாள். "அம்மா, நீங்க அந்த வார்த்தைய..." என்று ஆரம்பித்தாள். அம்மா ரகசியக் குரலில் வெட்டினாள்.

"வாய மூடுடி! இருபது நிமிஷமா ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல நிக்கிறாங்க. உள்ள போங்கன்னு சொன்னேன். 'அவ வந்து எடுக்காம எப்படி'ன்னு உங்கப்பாதான் பிடிவாதமா நிக்கிறாரு. முதல்ல ஊமையா நின்னாங்க. அப்புறம் உங்கப்பா, யாருக்குன்னு இல்லாம, 'இந்தக் கழுதை எங்க போய்த் தொலைஞ்சுது?'ன்னாரு. உங்கண்ணன், 'அவ எப்பவும் இப்படித்தாம்ப்பா'ன்னான்."

"என்னது! நானா எப்பவும்..."

"'போன எடுத்தாத்தானே'ன்னாரு. 'எடுத்தாலும் நம்மளப் பேச விட்டாத்தானே'ன்னான். அப்பப் பேச்சப் பிடிச்சாங்கடி. இன்னும் நிறுத்தல. பெரியப்பாவுக்குக் கால் வலிக்குதுன்னு நாற்காலியெல்லாம் வாசலுக்கு வந்துடுச்சு. கேளு, நீயே கேளு."

அம்மா போனை எங்கோ நீட்டினாள் போலிருக்கிறது. மணிச்சத்தத்துக்கு அடியில், தூரத்தில், இரண்டு ஆண் குரல்கள் வந்தன. அவள் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டாள்.

"...பால்காரர்கிட்ட நுரைக்கு வாதாடினா தெரியுமா உனக்கு? அவர் இப்ப நம்ம தெருப் பக்கமே வர்றதில்ல" என்றது ஒரு குரல்.

"அதுக்கு முன்னாடி ஸ்கூல்ல, அட்டெண்டன்ஸ்ல 'உள்ளேன் ஐயா' சொல்லமாட்டேன்னு ஒரு வாரம் நின்னாளேப்பா, ஞாபகம் இருக்கா? 'கண்ணுக்குத் தெரியுதுல்ல, எதுக்குச் சொல்லணும்'னு!"

"ஞாபகம் இல்லாம? நான்தானே லீவு போட்டுட்டுப் போயி மன்னிப்பு எழுதிக் குடுத்தேன். ரெண்டு பக்கம்!"

அரைப்பக்கம். அது அரைப்பக்கம்தான். அதுவும் அவர் எழுதவில்லை, பெரியப்பா எழுதினார். பால்காரரும் அவளால் வராமல் போகவில்லை. வீட்டை மாற்றிக்கொண்டு போனார். மூன்று தவறான தகவல்கள், நான்கு வாக்கியத்துக்குள். சாட்சி, தேதி, ஆதாரம், எல்லாம் கையில் இருந்தன. நாக்கு பல்லுக்குப் பின்னால் வந்து முட்டி நின்றது. அப்பா சிரித்தார். அவர் சிரித்தால் கடைசியில் இருமல் வரும், இருமல் வந்தது. "தண்ணி குடிங்கப்பா" என்றான் அண்ணன்.

"ஏண்டி, கேக்குதா? கிளம்பிட்டியா? ஆட்டோ பிடி" என்று அம்மா திரும்பி வந்தாள்.

படித்துறைக்கு மேலே, தெருமுனையில், நான்கு ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் அவளைப் போலவே விளக்கைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆட்டோ ஒண்ணும் காணோம்மா" என்றாள் அவள். "நடந்துதான் வரணும். முக்கா மணி நேரம் ஆகும். போன வெக்காதீங்க. அவங்க பக்கத்துலயே பிடிங்க."

துண்டும் நோட்டும் எங்கோ யாருக்கோ அடியில் போயிருந்தன. குடையை எடுத்தாள், பாட்டிலை எடுத்தாள், இரண்டையும் பையில் திணித்தாள். துப்பட்டாவை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். தான் உட்கார்ந்திருந்த பாதி இடத்தையும் நர்ஸக்கா பக்கம் தள்ளிவிட்டாள். நர்ஸக்கா இரண்டு கால்களையும் நீட்டினாள். நீட்டிவிட்டு, சாயங்காலம் முழுக்க முதல் தடவையாக, அவள் கையைத் தொட்டு, "இங்க பாரும்மா, அப்போ நீ..." என்று ஆரம்பித்தாள்.

அவள் தன் உதட்டில் விரலை வைத்தாள்.

"உஷ்... ஒரு நிமிஷம்க்கா. என்னைத் திட்டிட்டிருக்காங்க."